மெனோபாஸ் வயதுப் பெண்கள் வேலை செய்யும் கம்பெனியில் நாம் என்ன செய்ய வேண்டும்? புதிய ஹெச்.ஆர்., சூப்பர்வைசர்களுக்கு ஒரு வழிகாட்டி

பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்தவர், இப்போதுதான் லைன் சூப்பர்வைசர் ஆனவர், ஜவுளிக் கடையில் ஃப்ளோர் பார்க்கிறவர், முப்பது நாற்பது பேரை வைத்துச் சொந்தமாக யூனிட் நடத்துகிறவர், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேராவது தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இருபது வயதில் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது ஆகிறது. ஒரு பீஸைக் கையில் எடுத்தவுடனே தையல் எங்கே பிசகியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். மாதவிடாய் நிற்கும் காலமும் அதே வயதில்தான் வருகிறது.

அப்படி ஒரு அக்கா திடீரென்று வேலையை விட்டு நின்றுவிடுவார். ஏன் என்று கேட்டால் "வீட்டுல சரியில்லைங்க" என்பார். உண்மையான காரணத்தை இருபத்தெட்டு வயதுப் பையனிடம் அவர் சொல்லப்போவதில்லை. அவரைச் சொல்ல வைப்பதும் நம் வேலை இல்லை. தன் உடம்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காமலே அவருக்கு வேண்டிய வசதி கிடைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு அப்புறம் பேச்சு, பாலிசி எல்லாம் பார்க்கலாம். கீழே வரும் படிகளின் வரிசையும் அப்படித்தான்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். உலக அளவில் இதற்குச் சராசரி வயது 51 என்பார்கள். இந்தியப் பெண்களுக்கு 46, 47-லேயே வந்துவிடுகிறது. வேலை இடத்தில் அதிகம் படுத்துவது அதற்கு முந்தைய சில வருடங்கள். அப்போது மாதவிடாய் முறை தவறும். இரண்டு மாதம் வராமல் இருந்து, ஒருநாள் மதியம் ஷிப்டின் நடுவில் கட்டி கட்டியாகப் போகும். ராத்திரி வேர்த்துக் கொட்டி எழுப்பிவிடும். மூட்டு வலி, படபடப்பு, காரணமில்லாத பதற்றம், அடிக்கடி சிறுநீர், பழகிய வேலையிலேயே சட்டென்று மறதி என ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

குபீரென்று உடம்பு பற்றி எரிகிற மாதிரி வருகிறதே, அதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. உடம்பின் சூட்டைச் சமன்படுத்தும் பகுதிக்கு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் பொறுமை குறைந்துவிடுகிறது. சாதாரணமாக அது கண்டுகொள்ளாத சின்ன வெப்ப ஏற்றத்துக்கே, சூட்டை வெளியேற்று என்று உத்தரவு போட்டுவிடுகிறது. முகமும் கழுத்தும் சிவந்து, வேர்த்து, சில நிமிடங்களில் அடங்கும். சிலருக்கு அடங்கியதும் குளிர் எடுக்கும். இது ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், அடிக்கடி இப்படி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நீடித்தது தெரியவந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் இந்த வயதைக் கடந்து, "அப்பாடா, மாசாமாசம் தொல்லை விட்டது" என்று நிம்மதியாக இருப்பவர்களும் நிறைய உண்டு. ஆகவே வயதைப் பார்த்து நீங்களாக எதையும் முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

இளவயதுக்காரர்கள் சிலரை நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்ணுக்கு, அறுவை முடிந்த கையோடு மெனோபாஸ் வந்துவிடும். அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான் ஆகியிருக்கலாம். படிப்படியாக வராமல் ஒரே நாளில் வருவதால் அவருக்குச் சிரமமும் கடுமையாக இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் திரும்பியவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு. "நாற்பத்தைந்துக்கு மேல் உள்ளவர்களுக்கு" என்று ஒரு சலுகையை எழுதி வைத்தால் இவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள்.

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள்

முதலில் பாத்ரூமுக்குப் போங்கள். நீங்கள் ஆண் என்றால், ஷிப்ட் முடிந்த பிறகு ஒரு பெண் ஊழியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா? மதியம் மூன்று மணிக்கும் குழாயில் தண்ணீர் வருகிறதா? மூடி போட்ட குப்பைத்தொட்டி உள்ளே இருக்கிறதா? கதவின் உள்பக்கம் ஒரு கொக்கி இருக்கிறதா? கொக்கி இல்லாவிட்டால் பையையும் மாற்றுத் துணியையும் ஈரத் தரையில் வைக்க வேண்டும், அல்லது வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். சில பத்து ரூபாய் செலவு. ஆனாலும் பல இடங்களில் இருப்பதில்லை.

அடுத்து, பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். சில கம்பெனிகளில் லைனுக்கு ஒரு டோக்கன் வைத்திருப்பார்கள். போனவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். திடீரென்று ரத்தம் போகிற பெண்ணுக்கு அந்தப் பத்து நிமிடம் என்ன கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். இந்த முறைக்குப் பயந்து காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எந்த லைனிலும் பார்க்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறைந்த உடம்பில் சிறுநீர்த் தொற்று ஏற்கெனவே சுலபமாக வரும். தண்ணீரையும் குறைத்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் எரிச்சல், காய்ச்சல், மூன்று நாள் லீவு. டோக்கனை எடுத்துவிடுங்கள். மெஷின் நிற்கும் என்ற கவலை இருந்தால் லைனுக்கு ஒரு மாற்று ஆளைப் பழக்கி வையுங்கள். நான் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால், இதைத்தான் செய்யச் சொல்வேன்.

முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தனிப் பெட்டியில், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி, பெரிய அளவு பேட் ஒரு பாக்கெட், அடர்நிற உள்பாவாடை இரண்டு, ஒரு நைட்டி அல்லது ஓவர்கோட் வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும் என்று நோட்டு வைத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள்.

வெக்கை

செக்கிங் டேபிளை அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள், பீஸ் கை மாறச் சுலபம் என்பதற்காக. ஆவி நேராகச் செக்கிங் பெண்களின் முகத்தில் அடிக்கும். ஏற்கெனவே உள்ளே எரிகிற உடம்புக்கு அந்த இடம் ஆகவே ஆகாது. இரண்டு டேபிளுக்கும் நடுவே இடம் விடுங்கள், அல்லது ஒரு தடுப்பு வையுங்கள். ஜன்னலோரம், எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கம், லைனின் கடைசி என்று எல்லா ஃப்ளோரிலும் கொஞ்சம் குளிர்ச்சியான இடங்கள் இருக்கும். யாருக்கு வேண்டுமோ அவர்கள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

துணி பறக்கிறது, நூல் தூசி கண்ணில் விழுகிறது என்று ஃபேனை அணைத்து வைப்பார்கள். சீலிங் ஃபேனில் அந்தச் சிக்கல் உண்மைதான். சுவர் ஃபேனைப் பக்கவாட்டில், கழுத்து உயரத்துக்குத் திருப்பி வைத்தால் மேஜையில் இருக்கும் துணி அசையாது. எங்கே, எந்தக் கோணத்தில் வைக்கலாம் என்று அந்த லைனில் உட்காருபவரையே கேளுங்கள்.

யூனிஃபார்மையும் பாருங்கள். ஜவுளிக் கடை, நகைக் கடைப் பெண்களுக்குப் பாலியஸ்டர் சேலையும் முழுக்கை ஜாக்கெட்டும் கொடுத்திருப்பார்கள். அது வேர்வையை உறிஞ்சாது. அதே நிறத்தில் காட்டன் சேலையும் எடுத்து, விருப்பப்பட்டவர் உடுத்தலாம் என்று விடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் கடை முழுக்கக் காரணம் பரவும். எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

டீ நேரத்தில் மோரும் இருக்கட்டும். சூடான பானம், காபி, காரமான வடை இவையெல்லாம் சிலருக்கு அந்த எரிச்சலைக் கிளப்பிவிடும். குடிதண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உட்காருவதைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்யும் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற கடைகள் இருக்கின்றன. கால் மூட்டும் முதுகும் வலிக்கிற வயதில் பத்து மணி நேரம் நிற்பது தண்டனைதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்பதை முதலாளியே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் சொன்னால் பெண்கள் நம்புவதில்லை. முதலாளி வரும்போது எழுந்துவிடுவார்கள்.

இப்போது பேசலாம்

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவருக்குச் சிரமம் இருக்கலாம். பீஸ் தேங்குகிறது, அடிக்கடி தாமதம், முன்பெல்லாம் சிரித்துப் பேசியவர் எரிந்து விழுகிறார். அப்போது தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள். கதவு மூடிய கேபினில் வேண்டாம், அது வேறு பேச்சுக்கு இடம் கொடுக்கும். லைனுக்கு நடுவிலும் வேண்டாம். கேன்டீன் ஓரம், மற்றவர் பார்வையில் இருக்கிற, ஆனால் காதில் விழாத இடம் போதும். பேச்சு இப்படி இருக்கலாம்:

"அக்கா, ரெண்டு நாளா உங்க டேபிள்ல பீஸ் தேங்குதுங்க. உங்க கை வேகம் எனக்குத் தெரியும். நான் மாத்திக் குடுக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா? எடமோ, ஃபேனோ, டைமோ, எதுன்னாலும் சொல்லுங்க்கா."

"ஒண்ணுமில்லைங்க தம்பி. ராத்திரி தூக்கமே இல்லைங்க. இங்க வந்தா அயர்ன் ஆவி வேற, மொகமெல்லாம் திகுதிகுங்குது."

"சரிங்க்கா, நாளையில இருந்து ஜன்னலோர டேபிளுக்கு வந்துருங்க. ஒரு மாசம் பாக்கலாம், சரிப்படலைன்னா வேற பண்ணலாம். வேற ஏதாச்சும் பேசணும்னா நர்ஸக்கா இருக்காங்க. எங்கிட்ட காரணம் சொல்லணும்னு இல்லைங்க்கா."

இதில் இரண்டு பேருமே மெனோபாஸ் என்று சொல்லவில்லை. சூப்பர்வைசர் ஊகித்துக் கேட்கவும் இல்லை. வேலையில் கண்ட மாற்றத்தைச் சொன்னார், தன்னால் முடிந்ததைச் சொன்னார், தேதி போட்டு ஒரு ஏற்பாடு செய்தார். அது போதும். அவராக "மாசாமாசம் வர்றது நின்னுபோச்சுங்க, அதுல இருந்து இப்படித்தான்" என்று சொன்னால், முகம் சுளிக்காமல், பேச்சை மாற்றாமல் கேளுங்கள். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறுதலாக நினைத்துத்தான் சொல்வோம். கேட்பவருக்கு "வாயை மூடிக்கொள்" என்று கேட்கும்.

பேச ஒரு பெண் இருக்க வேண்டும். கம்பெனி நர்ஸ், வயதில் மூத்த பெண் ஹெச்.ஆர்., தொழிலாளர்கள் மதிக்கிற ஒரு டெய்லரக்கா என யாராகவும் இருக்கலாம். தன் மெனோபாஸ் காலத்தைச் சுலபமாகக் கடந்துவிட்ட பெண் சூப்பர்வைசர்கள் சில நேரம் ஆண்களைவிடக் கடுமையாக இருப்பார்கள். "எனக்குந்தான் நின்னுச்சு, நான் வேலை பாக்கலையா?" என்பார்கள். அவர்களுக்கும் பயிற்சி கொடுங்கள்.

வேலையில் என்ன மாற்றலாம்

இங்கே நேர்மையாக ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஷிப்ட் சம்பளக்காரருக்கு டார்கெட்டைக் குறைத்தால் உதவி. பீஸ்ரேட்டில், அதாவது பீஸ் கணக்குக்குக் கூலி வாங்குபவருக்கு, அதே உதவி சம்பள வெட்டு ஆகிவிடும். அவர் எவ்வளவு முடியாமல் இருந்தாலும் "வேண்டாங்க, நானே பார்த்துக்கறேன்" என்றுதான் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு இரண்டு மூன்று மாதம் ஷிப்ட் சம்பளத்துக்கு மாறிக்கொள்ள வழி கொடுங்கள். திரும்பவும் பீஸ்ரேட்டுக்கு வரலாம் என்று எழுத்தில் கொடுங்கள். முதலாளி தயங்கினால், அந்த அக்கா நின்றுவிட்டால் அதே தரத்தில் ஓர் ஆளைப் பிடித்துப் பழக்க எத்தனை மாதம் ஆகும், அதுவரை எவ்வளவு பீஸ் ரிஜெக்ட் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

தூக்கம் கெட்டவருக்குக் காலையில் அரை மணி நேரம் தள்ளி வர அனுமதி பெரிய நிம்மதி. மாலையில் ஈடுசெய்துகொள்ளட்டும். இரவு ஷிப்டுக்குப் பெண்ணின் சம்மதம் சட்டப்படியே வேண்டும். ஒருமுறை சம்மதித்தவர் இப்போது முடியாது என்றால் ஏன் என்று துருவாதீர்கள்.

மறதி வரும்போது பெண்கள் மிகவும் பயந்துபோகிறார்கள், தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. வாயால் சொல்லிவிட்டுப் போவதை நிறுத்தி, ஸ்டைல் நம்பர், அளவு, லேபிள் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேபிளில் ஒட்டிவிடுங்கள். லைன் முழுவதற்குமே இது நல்லது. மெமோ கொடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். பதினைந்து வருடம் பிழை இல்லாமல் செய்தவர் ஒரு மாதமாகத் தவறு செய்கிறார் என்றால், அது அலட்சியமாக இருக்க வாய்ப்பு குறைவு.

லீவும் இ.எஸ்.ஐ.யும்

மெனோபாஸுக்கென்று தனி விடுப்பு கொடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இருக்கிற விடுப்பைத் தாராளமாகப் பயன்படுத்த விடுவதுதான் வழி. இரண்டு மணி நேர பெர்மிஷனை அரைநாள் லீவாகக் கழிக்காதீர்கள்.

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் வருவார்கள். டாக்டரைப் பார்க்க, பரிசோதனை செய்ய, மருந்து வாங்க அவர்களுக்குச் செலவில்லை. இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்கு வராது. ஆறு மாத காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பல பெண்களுக்குத் தங்களுக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. கார்டு கையில் இருக்கிறதா, எந்த மருந்தகத்தில் பதிவாகியிருக்கிறது, குடும்பத்தார் பெயர் சரியா என்று உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுங்கள். டிஸ்பென்சரிக்குக் காலையில் போனால் மதியம்வரை ஆகும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

எப்போது டாக்டரிடம் அனுப்பியே ஆக வேண்டும்

இதை நர்ஸும் சூப்பர்வைசரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மாதவிடாய் ஒரு வருடம் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால், துளி அளவு என்றாலும், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். "திரும்ப வந்துருச்சு" என்று விட்டுவிடக் கூடாது, கர்ப்பப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். மணிக்கு ஒரு பேட் நனையும் அளவு போனால் அன்றே போக வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், "வயசுக் கோளாறு" என்று உட்கார வைக்காதீர்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறி என்று நாம் நினைப்பது தைராய்டாகவோ ரத்தசோகையாகவோ இருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். வாழப் பிடிக்கவில்லை என்கிற பேச்சு வந்தால் பக்கத்திலேயே ஆள் இருக்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஹார்மோன் சிகிச்சை எடுப்பதா வேண்டாமா என்பது அவருக்கும் டாக்டருக்கும் இடையிலான விஷயம். சிலருக்கு அது நல்ல நிவாரணம், சிலருக்கு, குறிப்பாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, பொதுவாகக் கொடுப்பதில்லை. நீங்கள் யோசனை சொல்ல வேண்டாம், கைவைத்தியமும் சொல்ல வேண்டாம்.

வாய்ப்பேச்சு

"கெழவி ஆயாச்சு", "அக்காவுக்குச் சூடு ஏறிடுச்சு, தள்ளி நில்லுடா" போன்ற கிண்டல்களை முதல் தடவையே நிறுத்துங்கள். பாலியல் சாயல் கொண்ட பேச்சு 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பணியிடப் பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு அது போகலாம். வருகைப் பதிவேட்டில், லீவுச் சீட்டில் "உடல்நலம்" என்று மட்டும் எழுதுங்கள். நர்ஸிடம் சொன்னது நர்ஸோடு நிற்க வேண்டும், முதலாளி கேட்டாலும்.

கடைசியாகத்தான் பாலிசி

ஒரு பக்கம் போதும், தமிழில். ஒடிசா, பீகார் பெண்கள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் வேண்டும். யாரிடம் பேசலாம், எதற்கு அனுமதியே தேவையில்லை, எதைக் கேட்டால் யார் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் இருக்கட்டும். ஒட்டிவிட்டுப் போகாமல் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பிரிட்டனில் 2023-ல் மாதவிடாய்க்கும் மெனோபாஸுக்கும் பணியிடத் தரநிலை ஒன்றை வெளியிட்டார்கள், எண் பி.எஸ். 30416. அந்த நாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கும் கம்பெனி என்றால், அவர்கள் கம்பெனியைச் சோதிக்க வரும் பையர் ஆடிட்டில் இதைப் பற்றி நீங்களே பேச்செடுக்கலாம், செலவில் பங்கு கேட்கலாம். அக்டோபர் 18 உலக மெனோபாஸ் தினம். அன்று ஒரு பெண் டாக்டரை அழைத்து, ஆண்களையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள்.

கான்ட்ராக்டில் வரும் தூய்மைப் பணியாளர்களை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள்தான் வயதில் மூத்தவர்கள், உட்கார இடமே இல்லாதவர்கள். பாலிசியில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள், கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது, எத்தனை பேர் வந்து மெனோபாஸ் என்று சொன்னார்கள் என எண்ணாதீர்கள். பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டு நின்றார்கள், ஒருநாள் லீவுகள் குறைந்ததா, பெட்டியில் வைத்த பேட் தீர்கிறதா, ஜன்னலோர டேபிளுக்கு ஆள் மாறியிருக்கிறார்களா என்று பாருங்கள். பேட் தீராமல் அப்படியே இருந்தால் பெட்டி சூப்பர்வைசர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதை பாத்ரூமுக்கு உள்ளேயே மாற்றி வைத்துவிட்டு இன்னும் ஒரு மாதம் பாருங்கள்.